டிஏசி வாங்கியாச்சு, சிடியை எதில் ஓட்டுவது?

தனி டிஏசி (டிஜிட்டல் தரவை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) வைத்திருப்பவருக்கு சிடி பெட்டியிடமிருந்து வேண்டியது ஒன்றுதான்: தட்டில் உள்ள 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தரவு ஒரு பிட்கூட மாறாமல் வெளியே வர வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி போன்ற டிரான்ஸ்போர்ட், அதாவது தட்டைப் படித்து டிஜிட்டல் தரவை மட்டும் வெளியே அனுப்பும் பெட்டி. டிஜிட்டல் அவுட் உள்ள பழைய சிடி பிளேயர். பரணில் கிடக்கும் டிவிடி பிளேயர். 'எது இனிமையாகப் பாடும்' என்ற கேள்வியில் தொடங்கினால் பணம்தான் கரையும். ஜிட்டரை, அதாவது டிஜிட்டல் சிக்னலின் நேரத் தடுமாற்றத்தை, இன்றைய டிஏசிகளில் பெரும்பாலானவை தாமே வடிகட்டிவிடுகின்றன. கீறலால் வரும் பிழைகளையும், தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரை, சிடியின் பிழைதிருத்தம் முழுமையாகச் சரிசெய்யும். அதைத் தாண்டினால்தான் ஊகித்து நிரப்பும். ஆகவே பிட் மாறுகிறதா, லேசர் போனால் மாற்று கிடைக்குமா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

பிட் மாறும் ஆபத்து அதிகம் உள்ளது டிவிடி பிளேயரில்தான். செட்டப் மெனுவில் டிஜிட்டல் அவுட்டை பிசிஎம் (சுருக்காத நேரடி ஒலித் தரவு) என்று வையுங்கள். அந்த மெனுவைப் பார்க்க ஒரு முறையாவது டிவியில் இணைத்தாக வேண்டும். சில பெட்டிகளில் ரிமோட்டின் வால்யூம் டிஜிட்டல் அவுட்டையும் குறைத்துவிடும்; அதை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடாதீர்கள். சிடி ஓடும்போது டிஏசியின் திரையில் 44.1 என்று தெரிய வேண்டும். 48 என்று காட்டினால் பெட்டி உள்ளேயே மறுமாதிரி எடுக்கிறது, அதாவது 44.1 தரவை 48-ஆக மாற்றிக் கணக்கிடுகிறது. மெனுவில் அதை நிறுத்த வழியில்லை என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம்.

திரை இல்லாத டிஏசிக்காரர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. டிடிஎஸ் சிடி (சரவுண்ட் ஒலியைக் குறியீடாக அடக்கிய சிடி) ஒன்றைப் போட்டு, அவுட்டை ஏவி ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) கொடுங்கள். ரிசீவர் டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டால் பிட் அப்படியே வருகிறது. வால்யூமோ மறுமாதிரியோ தலையிட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். இதை டிஏசி வழியாக ஸ்பீக்கருக்கு விடாதீர்கள், முழு அளவு இரைச்சல் ட்வீட்டரைப் பதம் பார்த்துவிடும். இவ்வளவும் தேறினாலும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நொடிநேரம் மௌனமாகும் பெட்டிகள் உண்டு. கச்சேரிப் பதிவு கேட்பவருக்கு அது ஆகாது.

என் ஓட்டு பழைய சிடி பிளேயருக்குத்தான், ஆனால் பின்பக்கத்தைப் பார்த்த பிறகே. மலிவு மாடல்கள் பலவற்றில் அனலாக் அவுட் மட்டும் இருக்கும். வாங்கப் போகும்போது 70 நிமிடத்துக்கு மேல் நீளமுள்ள சிடி ஒன்றைக் கொண்டுபோங்கள். சிடி உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் படிக்கப்படுவதால், தளர்ந்த லேசரும் தேய்ந்த மோட்டாரும் கடைசிப் பாடல்களில்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அரை மணி நேரம் சூடான பிறகு ஒரு சிடி-ஆர் (கணினியில் எழுதிய சிடி) போட்டுப் பாருங்கள். ட்ரே தயங்கித் திறந்தால் பயப்பட வேண்டாம், அது அநேகமாக ரப்பர் பெல்ட்தான். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட். 230-ஐ நேரடியாகக் கொடுத்தால் முதல் நாளே கதை முடிந்தது.

லேசர் எந்த வகை என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோனி கேஎஸ்எஸ்-213 குடும்பத்துக்கு நகல் பாகமாவது கிடைக்கிறது. பிலிப்ஸின் பழைய ஊஞ்சல் கை (லேசர் ஒரு கையின் நுனியில் வளைவாக நகரும்) மெக்கானிசத்துக்குப் புதுப் பாகம் தேடுவது வீண் வேலை. புது லேசர் பலவற்றில், நிலைமின்சாரம் தாக்காமலிருக்க, ரிப்பன் பக்கம் ஒரு சிறு ஈயப் பொட்டு வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். ரிப்பனைச் செருகிய பிறகு அந்தப் பொட்டை உருக்கி எடுக்க வேண்டும். மறந்தால் லேசர் ஒளிராது, 'நோ டிஸ்க்' என்றே காட்டும். பாகம் கெட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

புது டிரான்ஸ்போர்ட் தருவது வாரண்டியும் நிம்மதியும். சிஎக்ஸ்சி ட்ரே வகை, ஆடியோ சிடி மட்டுமே படிக்கும்; எம்பி3 எரித்த தட்டைப் போட்டுப் பயனில்லை. 6000சிடிடி தட்டை வாயில் இழுத்துக்கொள்ளும் வகை; 8 சென்டிமீட்டர் குட்டி சிடியையோ ஸ்டிக்கர் ஒட்டிய தட்டையோ அதில் நுழைக்காதீர்கள். இரண்டிலும் கோஆக்சியல் (உலோக வயர்), ஆப்டிகல் (ஒளியிழை) என இரு டிஜிட்டல் அவுட்டும் உண்டு. சில உயர்விலைப் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ வடிவத்தில் வரும் ஐ2எஸ் என்ற டிஜிட்டல் இணைப்புக்குப் பொது வரையறை இல்லை. இரு பக்கப் பின் அமைப்பும் ஒத்துப்போனால் மட்டுமே வாங்குங்கள்.

80களின் ஜப்பான் அச்சு சிடிகள் சிலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு; அதாவது பதிவில் மேல்ஸ்தாயியைத் தூக்கி வைத்து, ஓட்டும்போது இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு குறி வைத்திருப்பார்கள். டிரான்ஸ்போர்ட் அந்தக் குறியை அனுப்பினாலும் புது டிஏசிகள் பல அதைக் கண்டுகொள்வதில்லை, மேல்ஸ்தாயி கூர்மையாகக் குத்தும். அத்தகைய தட்டுகள் நிறைய வைத்திருப்பவர், பழைய பிளேயரின் அனலாக் அவுட்டையும் ஆம்பில் இணைத்து வைப்பதே மேல்.

கேபிளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கோஆக்சியலுக்கு 75 ஓம் வேண்டும். பழைய டிவி கேபிளின் மஞ்சள் முனை வயரே போதும். இணைத்ததும் ஸ்பீக்கரில் ஹம்மிங் வந்தால் எர்த் லூப் (பெட்டிகளின் எர்த் இணைப்புகள் வளையமாவது), ஆப்டிகலுக்கு மாறுங்கள். ஆப்டிகலில் சத்தமே வரவில்லையென்றால், முனையில் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியை இன்னும் கழற்றவில்லையா என்று பாருங்கள்.