டிஷ்வாஷரில் தண்ணீர் ஏறவில்லையா? "போர்டு போயிடுச்சு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்மாடி வீடு. டிஷ்வாஷரை ஆன் செய்தால் பழைய தண்ணீரை வெளியே தள்ளும், அப்புறம் "ர்ர்ர்" என்று முனகும், சில நிமிடத்தில் குழாய்ப் படத்தோடு எரர் காட்டி நின்றுவிடும். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் போன் போட்டார்கள். வந்தவர் தண்ணீர்க் குழாய் பக்கமே போகவில்லை. இரண்டு பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மெயின் போர்டு போயிடுச்சு சார், 14,500 ஆகும், பாதி அட்வான்ஸ்" என்றார். போர்டைக் கழற்றி 'டெஸ்டிங்'குக்கு எடுத்துப் போனவர், சில நாள் கழித்து வந்து 'புது போர்டு' மாட்டினார். கையோடு ஆங்கிள் காக்கை (மெஷினுக்குப் போகும் தண்ணீரைச் சுவரோரம் திறந்து மூடும் குழாய்) மூடி, ஹோஸைக் கழற்றி எதையோ அலசி மறுபடி மாட்டினார். மெஷின் ஓடியது. போர்டைக் கழற்றும்போது வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்த போட்டோவில் இருந்த சீரியல் எண்ணும் 'புது' போர்டின் சீரியல் எண்ணும் ஒன்றே. முந்தின வாரம்தான் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவியிருந்தார்கள். சேறு முழுக்க ஹோஸ் முனையில் உள்ள வலையில் போய் அடைத்திருந்தது.

இந்த மோசடி எளிதாக நடப்பதற்குக் காரணம், அந்த முனகல் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாததுதான். தண்ணீர் வேண்டும் நேரத்தில் போர்டு (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) இன்லெட் வால்வுக்கு (தண்ணீரை உள்ளே விடும் மின்திறப்பு) 230 வோல்ட் அனுப்பும். அந்த மின்சாரம் வால்வின் காயிலில் (கம்பிச் சுருளில்) ஓடும்போது வருவதே முனகல். ஆக, தண்ணீர் எடுக்கும் கட்டத்தில் வால்வு முனகினால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. சில மாடல்களில் வால்வு குழாய் முனையிலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். அதன் மேல் கை வைத்தால் அதிர்வு நன்றாகவே தெரியும். மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது டிரெயின் மோட்டார் போடும் சத்தம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முனகல் இருந்தால் யாரையும் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஆங்கிள் காக்கை மூடி, ஹோஸின் குழாய்ப் பக்க முனையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே சின்ன வட்ட வலை தெரியும். குறடால் மெல்ல இழுத்தெடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் உப்பு படிந்திருக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் வினிகரில் ஊறப்போட்டால் போதும். வலையைத் திரும்பப் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். மண் உள்ளே போனால் வால்வு சரியாக மூடாது, மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் தண்ணீர் ஏறும். ஹோஸ் பருமனாகப் பெட்டியோடு வந்தால் அதற்குள் மின்கம்பி ஓடுகிறது என்று அர்த்தம். அதை வெட்டவோ ஒட்டுப்போடவோ கூடாது.

ஹோஸ் கழன்றிருக்கும்போதே ஒரு வாளியை வைத்து ஆங்கிள் காக்கைத் திறந்து பாருங்கள். போஷ் கையேடு கேட்பது குறைந்தது 0.5 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 10 லிட்டர். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறையாவிட்டால் குறை மெஷினில் இல்லை. தொட்டித் தண்ணீரில் 0.5 பார் கிடைக்க, நீர்மட்டம் குழாயைவிடச் சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்மாடி வீடுகளில் இது பெரும்பாலும் கிடைக்காது. அங்கே பிரஷர் பம்ப்தான் தீர்வு. எத்தனை போர்டு மாற்றினாலும் பயனில்லை.

முனகலே இல்லை, டிரெயின் மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடுகிறதா? மெஷினின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி, அங்கே உள்ள தெர்மாகோல் மிதவை மேலேறி சுவிட்சைத் தட்டியிருக்கும். போஷ்ஷில் இதற்கு ஈ15 என்று வரும். (தண்ணீர் வரத்து இல்லாததற்கு ஈ18, எல்ஜியில் ஐஈ.) சாதாரணப் பாத்திர லிக்விடை ஊற்றி நுரை பொங்கி வழிந்தாலும் இதே கதைதான். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் எரர் போய்விடும். சிலர் அதை மட்டும் செய்துவிட்டு 'சென்சார் மாற்றினேன்' என்று பில் போடுகிறார்கள். வடித்த பிறகும் திரும்ப வந்தால் உள்ளே கசிவு இருக்கிறது, அதைத்தான் தேடச் சொல்ல வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் வால்வு காயில், ஒயர், கதவு சுவிட்ச், போர்டு என்று எதுவாகவும் இருக்கலாம். போர்டும் போகக்கூடியதுதான், அதிலுள்ள ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) கெட்டுவிடும். ஆனால் அதை நிரூபிப்பது டெக்னீஷியன் பொறுப்பு. காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலான 230 வோல்ட் வால்வுகளில் 3 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் வால்வு அவுட். காயில், கதவு சுவிட்ச், மிதவை, ஒயர் எல்லாம் சரியாக இருந்தும், தண்ணீர் எடுக்கும் நேரத்தில் வால்வுக்கு 230 வோல்ட் வரவில்லை என்றால்தான் போர்டு மேல் பழி போடலாம். இந்த அளவீட்டை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். மின்சாரம் ஓடும்போது அளப்பது என்பதால் நீங்கள் இறங்க வேண்டாம். மீட்டரே கொண்டுவராதவரை விசிட்டிங் சார்ஜோடு அனுப்பிவிடலாம்.

போர்டை வெளியே எடுத்துப் போக விடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் சீரியல் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். மாற்றினால் பழைய போர்டு உங்களிடமே இருக்க வேண்டும், பார்ட் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும் வேண்டும். சர்வீஸ் எண்ணை மெஷினோடு வந்த வாரன்டி அட்டையிலிருந்து மட்டும் எடுங்கள். 'புக்கிங் உறுதி செய்ய 10 ரூபாய் அனுப்புங்க' என்று லிங்க் அனுப்பினாலோ, போனில் ஏதாவது ஆப் போடச் சொன்னாலோ உடனே வைத்துவிடுங்கள். அப்படிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பில் மோசடிக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. போட்டோ, பில், யுபிஐ ரசீது மூன்றையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.