ஐபிஎஸ் வயிற்றுக்கு வீட்டுப் பழச்சாறு: சேமிப்பதும் பயன்படுத்துவதும்

யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நாம் பார்க்கப் போகும்போது சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போவோம். வீட்டில் பிழிந்த சாறு எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான் என்ற நம்பிக்கை நமக்கு அவ்வளவு ஆழமானது. ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome) என்கிற குடல் தொந்தரவு எனக்கு உறுதியானதும், டயட்டீஷியன் லோ ஃபாட்மேப் உணவுமுறையைத் தொடங்கி வைத்தார். சில வருடங்களாக அதற்குள்ளேயே சாறு பிழிந்து, சேமித்து, பயன்படுத்தி வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வயிற்றுக்குச் சாறு டம்ளரில் குடிக்கும் பானம் அல்ல, சமையலுக்கு ஒரு கைச்சரக்கு. அப்படிப் பயன்படுத்த எனக்கு மிக உதவியது ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ் டிரே.

லோ ஃபாட்மேப் என்பது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை. ஃபாட்மேப் எனப்படும் சில சர்க்கரைகள் சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். கூடவே அந்தச் சர்க்கரைகள் தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். உப்புசம், வலி, அவசரம் எல்லாம் அதனால்தான். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தர்பூசணி ஆகியவை இந்தச் சர்க்கரைகளுக்காகத் தவிர்க்க வேண்டிய பட்டியலில் முன்வரிசை. பட்டியலைக் கடுமையாகப் பின்பற்றுவது 2 முதல் 6 வாரம் வரைதான். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, நம் வயிறு எதைத் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க எல்லாவற்றையும் ஒதுக்கச் சொல்லும் முறை இல்லை இது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பயத்தில் வருடக்கணக்காகப் பழமே தொடாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாறு விஷயத்தில் பலர் சொல்லும் யோசனை, 'நன்றாக வடிகட்டிக் குடி, ஒன்றும் செய்யாது' என்பது. வடிகட்டினால் சக்கைதான் போகும். ஃப்ரக்டோஸ், சார்பிடால் போன்ற அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைந்தே இருக்கின்றன. எவ்வளவு மெல்லிய துணியில் வடித்தாலும் அவை டம்ளருக்குள் வந்துவிடும். ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டு, இறக்கும்போது பூண்டை மட்டும் எடுத்துவிடுவதால் பயனில்லாததும் இதனால்தான். பூண்டில் இருக்கும் ஃப்ரக்டான் என்கிற ஃபாட்மேப் சர்க்கரை தண்ணீரில் இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் எனக்குத் தொந்தரவு இல்லை.

இன்னொன்று, அளவு. ஒரு ஆரஞ்சு சாப்பிட்டால் வயிறு அமைதியாக இருக்கும். ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று நான்கு பழம் போகிறது. பழமாக நான்கைத் தொடர்ந்து யாரும் சாப்பிடுவதில்லை, சாறாக இரண்டு நிமிடத்தில் குடித்துவிடுவோம். பட்டியலில் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும் பழம்கூட இப்படித்தான் தொந்தரவாக மாறுகிறது. இளநீரும் அப்படியே. 100 மி.லி. அளவில் பிரச்சினை இல்லை; ஒரு முழு இளநீரை ஒரே மூச்சில் குடித்தால் சார்பிடால் அளவு தாண்டிவிடும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் சில சமயம் லேசாக இளஞ்சிவப்பு நிறம் ஏறும், சுவையும் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு காயை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்கிறோம், சேமிப்பதே இல்லை.

இனி சேமிப்பு. எல்லாச் சாற்றையும் ஒரே மாதிரி வைக்க முடியாது, புளிப்புதான் தீர்மானிக்கிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். பெரும்பாலான கிருமிகள் அதில் பெருக முடியாது. அன்னாசியும் ஆரஞ்சும் அதைவிடக் குறைந்த புளிப்பு என்றாலும் புளிப்பு வகைதான். கேரட் சாறு அப்படி இல்லை, பிஎச் 6-ஐ ஒட்டியது. 4.6-க்கு மேல் போனால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நரம்பு நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டில் கேரட் சாறு குடித்த சிலருக்கு அந்த நோய் வந்தது. சாறு போதிய குளிரில் வைக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்றார்கள். அதனால் கேரட், வெள்ளரிச் சாறுகளைப் பிழிந்த அன்றே தீர்த்துவிடுவேன், இல்லையென்றால் உடனே உறைய வைப்பேன். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று கேரட் சாற்றை ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வெப்பம் ஏறுவது அங்கேதான். சாறு எதுவானாலும் உள் தட்டில், பின்பக்கம், 4 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்க வேண்டும்.

சாத்துக்குடி மட்டும் தனிக் கதை. பிழிந்தவுடன் இனிக்கும், கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிக்கும். கெட்டுப்போனதால் வரும் கசப்பு இல்லை அது. பழத்தில் இருக்கும் கசப்பில்லாத ஒரு பொருள் சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனின் ஆக மாறுகிறது. விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கினால் இன்னும் கசக்கும். மிக்ஸியில் அடிக்காமல் கையால் பிழிந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சாத்துக்குடியைச் சேமிக்கும் முயற்சியை நான் விட்டுவிட்டேன்.

சரி, ஐஸ் டிரேக்கு வருவோம். பழத்தை நறுக்கும் முன்பே தோலோடு நன்றாகக் கழுவிவிடுவேன், ஏனென்றால் தோலில் இருக்கும் அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டு போகிறது. பிழிந்து, வடிகட்டி, உடனே டிரேயில் ஊற்றி ஃப்ரீசர். என் டிரேயில் ஒரு கட்டி இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 30 மி.லி. உங்கள் டிரேயை ஒருமுறை ஸ்பூனால் அளந்துகொள்ளுங்கள். கட்டி இறுகியதும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, பழத்தின் பெயரும் தேதியும் ஒட்டி வைக்கிறேன். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். உறைய வைப்பது கிருமியைக் கொல்லாது, வளர விடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஆகவே உருகியதை மறுபடி உறைய வைப்பதில்லை.

இந்தக் கட்டிகளால்தான் என் சாப்பாட்டில் ருசி திரும்பி வந்தது. இந்த உணவுமுறைக்காக வெங்காயமும் பூண்டும் போன பிறகு ரசம் வெறும் புளித்தண்ணீர் போலிருந்தது. ஒரு கட்டி அன்னாசிச் சாற்றை இறக்கும் நேரத்தில் போட்டேன், கல்யாண வீட்டு ரசத்தின் வாசனை வந்துவிட்டது. எலுமிச்சைக் கட்டி சாதம் கிளற, இஞ்சிக் கட்டி காலையில் வெந்நீருக்கு. இஞ்சிச் சாற்றை மட்டும் கொஞ்ச நேரம் தெளிய வைத்து, அடியில் படியும் வெள்ளை மாவை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் உறைய வைக்க வேண்டும். நம் பாட்டிமார் செய்ததும் அதைத்தான். குடிக்க ஆசை வந்தால் இரண்டு ஆரஞ்சுக் கட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அந்த வேளையில் வேறு பழம் கிடையாது, அடுத்த பழத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி. தேன் சேர்ப்பதில்லை, அதில் ஃப்ரக்டோஸ் அதிகம். இந்த வயிற்றுக்குத் தேனைவிடச் சாதாரணச் சர்க்கரை ஒரு ஸ்பூன் மேல்.

மின்வெட்டு நம் ஊரில் தனிக் கவலை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். ஃப்ரீசர் பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள், முழுக்க நிறைந்திருந்தால் இரண்டு நாள். டப்பாவில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகக் கிடந்தால் இடையில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன். மூடி திறக்கும்போது நுரைத்தாலோ புஸ்ஸென்று காற்று வந்தாலோ அதுவும் குப்பைக்கு. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சேமித்த, காய்ச்சாத சாற்றைத் தவிர்த்துவிடுவது நல்லது.

செம்பிலும் பித்தளையிலும் புளிப்புச் சாற்றை வைக்கக் கூடாது. கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் கழுத்து வரை நிரப்புங்கள், உள்ளே காற்று குறைந்தால் வைட்டமின் சி அதிக நேரம் நிற்கும். அதே பாட்டில் ஃப்ரீசருக்கு என்றால் மேலே இடம் விட வேண்டும், தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும்.

மெஷின் விஷயத்தில் என் கருத்து: மெல்லச் சுழன்று நசுக்கிப் பிழியும் ஸ்லோ ஜூசர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. மிக்ஸியும் மெல்லிய வெள்ளைத் துணியும் போதும். ஜூசரில் நுரை குறைவு, கேரட்டிலிருந்து சாறு கூடுதலாக வருகிறது, சத்தமும் இல்லை. ஆனால் அதன் சல்லடையை ஒவ்வொரு முறையும் பிரஷ் வைத்துத் தேய்க்காவிட்டால் சக்கை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை நிறையப் பிழிந்து உறைய வைப்பவர்களுக்கு அது லாபம். தினம் ஒரு எலுமிச்சை, ஒரு துண்டு இஞ்சி என்று இருப்பவர்கள் அந்தக் காசைப் பழத்துக்கே செலவழிக்கலாம்.