ஹார்ட்டன்ஸ்டைனா, வலன்சியூனாஸா, ஹோம்கிரென் ஒருவரே போதுமா?

2024 கோடையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBAயில் ஆடும் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு இருந்த குறை கொஞ்சம் விசித்திரமானது. 57 வெற்றிகளோடு மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் நினைத்த நேரத்தில் புள்ளி எடுப்பார். ஆனால் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் துள்ளினால் அது பெரும்பாலும் எதிராளி கைக்குத்தான் போகும். அப்படித் துள்ளும் பந்தைப் பிடிப்பதில், அதாவது ரீபவுண்டில், லீக்கின் அடிவரிசையில் இருந்த அணி, பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் டல்லாஸிடம் 4-2 என்று தோற்றது. கடைசி ஆட்டம் 117-116. டேனியல் கஃபர்டும் 20 வயது அறிமுக வீரர் டெரிக் லைவ்லியும் மாறி மாறி வந்து கூடைக்கடியில் முட்டிக்கொண்டே இருந்தார்கள். தண்டர் பக்கம் திருப்பி முட்ட ஆள் இல்லை.

அந்தக் கோடையில் அணி மேலாளர் சாம் பிரஸ்டி முன்னால் மூன்று வழிகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். யாரையும் வாங்காமல் செட் ஹோம்கிரெனையே ஒற்றை சென்டராக, அதாவது கூடைக்கடியைக் காக்கும் நெட்டை ஆளாக, வைத்திருப்பது ஒன்று. மலிவாகக் கிடைக்கும் அனுபவசாலியான லிதுவேனியாவின் யோனாஸ் வலன்சியூனாஸை எடுப்பது இன்னொன்று. நியூயார்க்கிலிருந்து ஜெர்மன்காரர் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனைப் பெரிய விலைக்கு இழுப்பது மூன்றாவது. நடந்தது மூன்றாவது: 3 ஆண்டு, 8.7 கோடி டாலர். நியூயார்க்கின் கை விதிகளால் கட்டப்பட்டிருந்தது. அவர்களால் 4 ஆண்டுக்கு 7.25 கோடிக்கு மேல் போக முடியவில்லை.

முதல் வழியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹோம்கிரென் 7 அடி 1 அங்குலம். எடையோ 95 கிலோகூட இல்லை, சவுக்கு மரம் மாதிரி. ஆனால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று 37 சதவீதம் போடுகிறவர். எதிரணி சென்டர் அவர் பின்னால் வெளியே போயே ஆக வேண்டும். போனால் கூடைக்கடி காலி மனை. அதற்குள் கில்ஜஸ் அலெக்சாண்டர் தன் நிதானமான நடையில் நுழைந்துவிடுவார். 2023-24இல் இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது அதே அணியின் ஜாஷ் கிட்டி. வெளியிலிருந்து அவர் எறிவதை எதிரணிகள் பொருட்படுத்தவே இல்லை. அவரைக் காவலில்லாமல் விட்டுவிட்டுக் கூடைக்கடியில் கூட்டம் போட்டன. ஆனால் 2024 ஜூனிலேயே கிட்டியை சிகாகோவுக்கு அனுப்பி அலெக்ஸ் கரூசோவை வாங்கியாயிற்று. அடைப்பு நீங்கிவிட்டது, அப்படியே ஆடிப் பார்க்கலாமே என்று ஒருவர் வாதாடினால் அதில் நியாயம் இருக்கிறது.

இடிப்பது எடைக் கணக்கு. அறிமுகப் பருவத்தில் ஹோம்கிரென் 82 ஆட்டங்களும் ஆடினார், உண்மை. அதற்கு முந்தைய பருவம் முழுவதும் கால் காயத்தால் வீட்டில் இருந்ததும் உண்மை. ஒவ்வொரு இரவும் 120 கிலோ ஆட்களை முதுகால் தாங்கச் சொன்னால் அந்த உடம்பு எத்தனை ஆண்டு ஓடும்?

சரி, அப்படியென்றால் அந்த 120 கிலோவையே வாங்கிவிடலாமே? வலன்சியூனாஸ் அதுதான். 7 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, இடித்து இடித்து உள்ளே போகும் பழைய பாணி. அந்தக் கோடையில் வாஷிங்டன் அவரை 3 ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடிக்கு எடுத்தது, ஹார்ட்டன்ஸ்டைன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தண்டருக்கு அவரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் முதல் சுற்றில் அவர் நியூ ஆர்லியன்ஸ் சட்டையில் எதிரே நின்றார். முதல் ஆட்டத்தில் தனி ஆளாக 20 ரீபவுண்ட். ஆட்டம் தண்டருக்கு, 94-92. தொடரும் 4-0. நியூ ஆர்லியன்ஸின் சயன் வில்லியம்சன் காயத்தில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஹோம்கிரெனைத் துரத்தி வெளியே வந்து வலன்சியூனாஸ் திணறியதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். தண்டரின் காப்பாட்டம் பறக்கும் காப்பாட்டம். ஐந்து பேரும் ஓடி மறித்து, பந்தைத் தட்டிப் பறித்து, மறுபடி ஓட வேண்டும். அதில் ஒருவர் மட்டும் நடந்தால் மற்ற நால்வரின் ஓட்டமும் வீண். போதாததற்கு, அவருடைய பலம் பந்து கையில் இருக்கும்போதுதான். கில்ஜஸ் அலெக்சாண்டர் அணியில் அவர் கைக்குப் பந்து எத்தனை முறை வரும்? பெஞ்சிலிருந்து வந்து பத்து நிமிடம் ஆட நல்ல ஆள், அதற்கு மேல் இந்த அணியில் இடமில்லை.

ஹார்ட்டன்ஸ்டைனும் 7 அடி, 113 கிலோ. காகிதத்தில் பார்த்தால் இருவரும் ஒரே அச்சு மாதிரிதான் தெரியும். பள்ளிக்கூட அணியில் வகுப்பிலேயே உயரமானவனைப் பிடித்து, ‘நீ கூடைக்கடியில் நில்லு, பந்து வந்தா பிடி’ என்பார்கள் இல்லையா? பெரிய ஆள் என்றாலே நம் மனதில் அந்தப் பையன்தான். ஹார்ட்டன்ஸ்டைனுடைய வேலை அங்கே இல்லை, கூடைக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் நடுவே உள்ள நாலைந்து அடியில் இருக்கிறது.

கில்ஜஸ் அலெக்சாண்டர் பந்தோடு வருகிறார். ஹார்ட்டன்ஸ்டைன் போய் ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது ஷேயின் காவலருக்குக் குறுக்கே சுவராக நிற்கிறார். எதிரணி இரண்டு பேராக ஷேயை மொய்க்கிறது. அவரை நிறுத்த வேறு வழியில்லை. கூடையை நோக்கித் திரும்பி ஓடுகிற ஹார்ட்டன்ஸ்டைன் கைக்குப் பந்து வருகிறது. இப்போது நால்வருக்கு எதிரே மூவர்தான். சாதாரண சென்டர் இங்கே பதறிப்போய் எவர் மேலாவது மோதுவார், அல்லது பந்தைத் திருப்பி வெளியே கொடுத்துவிடுவார். இவர் ஒரு கணம் நிற்கிறார். காவலர் முன்னால் வந்தால் மூலையில் நிற்கிறவருக்கோ கூடைக்கு மேலே எழும்பும் ஹோம்கிரெனுக்கோ பாஸ். வராவிட்டால் கையைத் தூக்கி மெல்ல ஒரு ஃப்ளோட்டர், அதாவது உயரத் தூக்கிவிடும் எறி. அந்த ஃப்ளோட்டர் அழகான எறி அல்ல, குண்டு எறிகிற மாதிரி இருக்கும், ஆனால் விழும். 2024-25இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 11.2 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 3.8 அசிஸ்ட் (சக வீரரைக் கூடை போட வைக்கும் பாஸ்). மூன்றாவது எண்தான் வலன்சியூனாஸிடம் கிடைக்காதது.

பிறந்தது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில். கூடைப்பந்தில் வளர்ந்தது ஜெர்மனியில். அப்பா ஃப்ளோரியன் ஹார்ட்டன்ஸ்டைனும் தொழில்முறை ஆட்டக்காரர். ஐரோப்பாவில் பெரிய ஆளுக்கும் பாஸ் கொடுக்கச் சொல்லித்தருவார்கள் என்பது தேய்ந்த பேச்சு, ஆனால் இவர் விஷயத்தில் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. வெளியிலிருந்து மூன்று புள்ளி எறிவதில்லை. அப்படியானால் கிட்டி போன இடத்தில் மறுபடி ஒரு அடைப்பா? 2024 ஜூலையில் எனக்கும் இதே சந்தேகம்தான். கிட்டிக்கும் இவருக்கும் வித்தியாசம் என்னவென்றால், கிட்டி மூலையில் நின்று காத்திருந்தார், இவர் பந்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இவரைக் காவலில்லாமல் விட்டால் இவர் ஸ்கிரீனைத் தாண்டி ஷே தடையில்லாமல் வந்துவிடுவார்.

ஹார்ட்டன்ஸ்டைன், ஹோம்கிரென் இருவரையும் ஒன்றாகப் பார்க்கக் கொடுத்துவைக்க வெகுநாளாயிற்று. பருவம் தொடங்குமுன்பே ஹார்ட்டன்ஸ்டைனுக்குக் கை முறிந்தது. நவம்பர் 10இல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக விழுந்து ஹோம்கிரெனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நடுவில் சில ஆட்டங்களுக்கு அணியில் சென்டர் என்று சொல்லவே ஆளில்லாமல், ஆறரை அடிகூட முழுதாக இல்லாத ஜேலன் வில்லியம்ஸ் அந்த இடத்தில் நின்றார். நவம்பர் 20இல் ஹார்ட்டன்ஸ்டைன் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 13 புள்ளி, 14 ரீபவுண்ட், 5 தடுப்பு. ஹோம்கிரென் பிப்ரவரியில்தான் திரும்பினார். யாரையும் வாங்காத முதல் வழியில் போயிருந்தால் அந்த மூன்று மாதம் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பருவம் 68-14 என்று முடிந்ததே, அந்த எண் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

பிளேஆஃபில் கதை இன்னும் சுவாரசியம். டென்வரின் நிகோலா யோகிச்சைத் தாங்கத்தான் இந்த 113 கிலோ என்று எல்லோரும் பேசினார்கள். தாங்கவும் செய்தார், ஆறு ஆட்டம். தொடர் 3-3. ஏழாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட் யோகிச் மேல் ஏவிவிட்டது கரூசோவை! யோகிச்சைவிட ஐந்தாறு அங்குலம் குட்டை. முன்னால் நின்று, பந்தே வராமல் மறித்து, பின்னால் உதவிக்கு நெட்டை ஆட்கள் காத்திருக்க, யோகிச் 20 புள்ளியோடு முடித்தார். 125-93. நெட்டை ஆட்களைக் குறைத்து வேகமாக ஆடும் ‘சின்ன அணி’யின் ஆதரவாளர்கள் இன்றும் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் கரூசோ அப்படி முன்னால் போய் நிற்கத் துணிந்ததே, தலைக்கு மேல் போகும் பந்துக்குப் பின்னால் ஒரு மலை நிற்கிறது என்ற தைரியத்தில்தானே?

இறுதிப் போட்டியில் அதே டேக்னால்ட், இண்டியானாவின் வேகத்துக்குப் பயந்து, முதல் ஆட்டத்தின் தொடக்க ஐவரிலிருந்து ஹார்ட்டன்ஸ்டைனை எடுத்துவிட்டு கேசன் வாலஸை வைத்தார். இண்டியானா 25 முறை பந்தை இழந்தது. அப்படியும் ஜெயித்தது, 111-110. ரீபவுண்ட் கணக்கு 56-39, இண்டியானா பக்கம். டல்லாஸ் நினைவு வந்திருக்க வேண்டும். நாலாவது ஆட்டத்தில் ஹார்ட்டன்ஸ்டைன் தொடக்க ஐவருக்குத் திரும்பினார். அந்த ஆட்டத்தைத் தண்டர் ஜெயித்தது, அப்புறம் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையையும்.

பெரிய அணியா சின்ன அணியா என்று அவர்கள் கடைசிவரை முடிவே செய்யவில்லை என்பதுதான் நான் இதில் பார்ப்பது. ஆட்டத்துக்கு ஆட்டம், சில நேரம் கால்மணிக்குக் கால்மணி மாற்றிக்கொண்டார்கள். வலன்சியூனாஸை எடுத்திருந்தால் பெரிய அணி சின்ன அணியைப் போல ஓடியிருக்காது. ஹோம்கிரென் ஒருவரே என்றால் மாற்றிக்கொள்ள இரண்டாவது அணியே இருந்திருக்காது.

விலை ஒன்றுதான் உறுத்தல். ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டு, 2026-27, அணி விரும்பினால் மட்டும்; தொகை 2.85 கோடி. ஹோம்கிரெனும் ஜேலன் வில்லியம்ஸும் 2025 கோடையில் போட்ட மிகப் பெரிய ஒப்பந்தங்கள் தொடங்குவதும் சரியாக அதே பருவத்தில். காசைக் குறைக்க வேறு யாரையாவது விடலாம், இவரை விட நான் சம்மதிக்க மாட்டேன். பிரஸ்டி என்னைக் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.