கனெக்‌ஷன் பைப்: குழாய்மேல் குறையில்லை, நட்தான் பிரச்சினை

நண்பன் சமையலறை சிங்க்கை மாற்றப் போகிறான். "ஸ்டீல் பின்னல் போட்ட கனெக்‌ஷன் பைப்தானே நீ ரொம்ப வருஷமா வெச்சிருக்க, வாங்கலாமா?" என்று கேட்டான். சுவரில் இருக்கும் வால்விலிருந்து குழாய்க்கோ டேங்க்குக்கோ தண்ணீர் கொண்டுபோகும் வளையும் பைப் அது. ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகும் பைப்பைப் போன வாரம்தான் மாற்றினேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் தண்ணீரை மூடித் திறக்கும் வால்வான ஆங்கிள் காக்கும் மேலே இருக்கும் குழாயின் முனையும் ஒரே நேர்க்கோட்டில் அமைவது அபூர்வம். விறைப்பான பைப்பை அந்த இடத்தில் நெளித்து மாட்டினால் ஏதோ ஒரு முனை எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அந்த முனையில்தான் கசியும். பின்னல் பைப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. உள்ளே இருக்கும் ரப்பர் குழாயில் தண்ணீர் போகிறது, வெளியே இருக்கும் கம்பிப் பின்னல் அழுத்தத்தைத் தாங்குகிறது. வாஷிங் மெஷினின் வால்வு படக்கென்று மூடும்போது குழாய்க்குள் 'டொம்' என்று ஓர் அதிர்ச்சி கேட்குமே, அதையும் இது ஓரளவு வாங்கிக்கொள்கிறது. என் வீட்டில் சிங்க், வாஷ்பேசின், கீசர், வாஷிங் மெஷின் என்று எல்லா இடத்திலும் இதுதான். குழாய்ப் பகுதி ஒரு தடவைகூட என்னை ஏமாற்றியதில்லை.

ஏமாற்றியது அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நட்.

நட்டின் உள்ளே மரை தொடங்கும் மூலையில் மயிரிழை போல ஒரு கீறல் விழுகிறது. அது மெல்ல வட்டமாகச் சுற்றி வந்து, ஒரு நாள் நட்டையே இரண்டாக்கிவிடுகிறது. சொட்டுச் சொட்டாகக் கசிந்து முன்னெச்சரிக்கை கொடுக்கும் வழக்கம் இதற்குக் கிடையாது. என் வீட்டில் பிளந்தது நடு இரவில். அதற்கும் காரணம் இருக்கிறது. யாரும் தண்ணீரைத் திறக்காத நேரத்தில்தான் குழாயில் அழுத்தம் உச்சத்தில் நிற்கும். அரை இன்ச் பைப் இப்படித் திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும். காலை வரை யாரும் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியதால் பிளந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அதுதான் காரணமும்கூட. ஆனால் இந்த நட் கையால் மட்டுமே இறுக்கப்பட்டது. பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. இறுக்கத்திலேயே வருடக்கணக்கில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்துகொடுக்கும், தண்ணீரில் இருக்கும் குளோரின் அதை இன்னும் நொறுங்க வைக்கும். இது தயாரிப்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ளஷ் டேங்க்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வுத் தண்டும் பிளாஸ்டிக்தான். அதில் பித்தளை நட்டைப் போட்டு முறுக்கினால் தண்டின் மரை தேய்ந்துவிடும். அதனால்தான் அந்த முனைக்கு பிளாஸ்டிக் நட் கொடுக்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிங்க்குக்கும் பேசினுக்கும் விற்கும் பைப்பில் எதற்கு? அங்கே இரண்டு பக்கமும் உலோக மரை. பித்தளை போட எந்தத் தடையும் இல்லை, காசு மிச்சம் பிடிப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அட்டையில் அச்சிட வேண்டிய ஒரு வரியைப் பலர் அச்சிடுவதில்லை என்பதும் எரிச்சல்தான். இந்த நட்டில் தண்ணீரை அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அதனால் வாஷர் உள்ள முனையில் டெஃப்லான் டேப் தேவையில்லை. சுற்றினால் நட் எங்கே நிற்க வேண்டும் என்பதே கைக்குத் தெரியாமல் போய்விடும். பித்தளை என்றால் கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு ஸ்பேனரால் ஒரு கால் சுற்று போதும். பிளாஸ்டிக் என்றால் கையோடு நிறுத்த வேண்டும். அதன் பிறகும் சொட்டினால் வாஷரைப் பாருங்கள், முறுக்காதீர்கள்.

இன்னொன்று, பைப்பில் தேதியே இல்லை. ரப்பருக்கு வயது உண்டு. வாஷிங் மெஷின் ஹோஸை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று தயாரிப்பாளர்களே பலர் சொல்கிறார்கள். ஆனால் கையில் இருக்கும் பைப் எப்போது செய்தது, கடை அலமாரியில் எத்தனை காலம் கிடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இப்போது மாட்டுகிற ஒவ்வொன்றிலும் மாதத்தையும் வருடத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுகிறேன்.

பின்னல் பைப்பைக் கெடுக்கும் இன்னொரு எதிரியை நாமே சிங்க்குக்கு அடியில் வளர்க்கிறோம். பிளீச்சிங், ஆசிட் கலந்த கழிவறைத் திரவம் எல்லாவற்றையும் அந்த மூடிய அலமாரியில்தான் வைக்கிறோம். அவற்றின் ஆவியில் குளோரைடு இருக்கிறது. துருப்பிடிக்காது என்று நம்பும் ஸ்டீல் கம்பியையும் அது அரிக்கும். முதலில் பழுப்புப் புள்ளிகள் தெரியும், பிறகு ஓரிரு இழைகள் அறுந்து கையில் குத்தும். அந்த நிலையில் இருக்கும் பைப்பை உடனே கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தைத் தாங்க அங்கே இனி ஆளில்லை. புட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றுவது செலவில்லாத வேலை. ஸ்டீலுக்குப் பதில் அலுமினியக் கம்பி பின்னிய பைப்பும் விற்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பித்தளையைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மட்டமான பித்தளையும் வெடிக்கும். நட்டின்மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. பார்வைக்கு எட்டாத கசிவைப் பிடிக்க உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் இரண்டு முனைகளையும் துடைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்குக் குறைந்தது 4 லிட்டர். அப்படியே ஆங்கிள் காக்கையும் ஒருமுறை மூடித் திறந்துவிடுவேன். திருப்பாமலே விட்டால் அது இறுகிப்போய், ஆபத்து நேரத்தில் அசையாது.

இவ்வளவு பாராட்டியதற்குப் பிறகு வாங்கு என்றுதான் முடிக்க வேண்டும். ஆனால் வாங்காதே என்றுதான் நண்பனிடம் சொன்னேன். "உன் வீட்டுல மட்டும் போட்டிருக்கியே?" என்றான். போட்டிருக்கிறேன், ஃப்ளஷ் டேங்க்குக்கு வேறு வழியில்லாமல் மறுபடியும் அதே பிளாஸ்டிக் நட்தான் போட்டேன். ஆனால் இரவில் தண்ணீர் கொட்டும் சாத்தியத்தை இன்னொருவன் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க முடியாது. வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு முனையிலும் பித்தளை நட் இருக்கிறதா என்று பார், நீளத்தை அளந்துகொண்டு போ, இழுபடாமல் ஒரு சிறு தொய்வு விழுகிற அளவுக்கு எடு என்றேன். குட்டையாக வாங்கி இழுத்து மாட்டினால் இதில் நான் பாராட்டிய ஒரே குணமும் போய்விடும்.