எங்கள் பெரிய வீட்டுக்கு ட்ரோன் வந்தது: செலவு 11,800 ரூபாய், மனக்குறை இரண்டு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில், சாமான் அறைக்கு நடுவே ஒரு பித்தளை அண்டா ஏழு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் ஏதோ சீர் சாமான் என்று நினைத்து அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே வைத்த அண்டா அது.

நான் மதுரையில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு என் கணவர் வழியில் வந்தது; ஐந்து புள்ளிகளுக்குப் பொது. எங்களில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் வரியையும் புள்ளிக் கணக்கில்தான் பிரிப்போம், ஓட்டுச் செலவையும் அப்படித்தான். ஐந்து புள்ளியில் ஒன்று சிங்கப்பூர், ஒன்று கோயம்புத்தூர், இரண்டு சென்னை. பக்கத்தில் இருக்கிற பாவத்துக்கு ஓடு, கரையான், குரங்கு எல்லாம் எங்கள் பொறுப்பு. என் கணவருக்கு 68 வயது, முழங்கால் வலி. ஆகவே என் பொறுப்பு.

வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் ஏற்றுவோம். பத்து ஓட்டை மாற்றிவிட்டு இறங்குவதற்குள் பதினைந்து ஓடு காலடியில் நொறுங்கியிருக்கும். வேலைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நாட்டு ஓடு ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்வதில்லை. கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கி வைத்ததுதான். ஓட்டைத் தாங்கும் கைமரம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்து, அதன் மேல் மட்டும் கால் வைக்க வேண்டும். எங்கள் ஓட்டுக்காரப் பெரியவருக்கு அது தெரியும். ஆனால் அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போன வருடம் முற்றத்துப் பக்கச் சரிவில் வழுக்கி, நல்லவேளையாக இறவாரத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே, இனி இவரை நோட்டம் பார்க்க மட்டும் மேலே ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உடைந்த இடம் தெரிந்தால் ஏறட்டும். தேடுவதற்காக ஏற வேண்டாம்.

சென்னையில் இருக்கும் கொழுந்தனார் மகன் ஒரு ட்ரோன் சேவையைப் பிடித்துக் கொடுத்தான். சின்ன நிறுவனம், பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அந்தத் தம்பி பிழைத்துப் போகட்டும்.

தொலைபேசியிலேயே நான் கேட்ட முதல் கேள்வி, பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்பது. கொஞ்சம் திகைத்துப் போனார். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளை நான் படித்திருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடுகிறவருக்குச் சான்றிதழ் கட்டாயம். ட்ரோனுக்கும் தனி அடையாள எண் வேண்டும். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் நம் ஊர் பச்சைப் பகுதிக்குள் இருந்தால் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தம்பியிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சான்றிதழுக்கு வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எனக்கு 61. இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். சிரிப்பு வரவில்லை.

முதல் வருகை வீணாயிற்று. ஆடி மாதத்தில் தேதி கொடுத்தார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஒரு கிலோ கூட இல்லாத பொருளை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டதற்கு, இதற்குக் காற்றைத் தாங்கும் சக்தி உண்டு என்றார். பொட்டலுக்குப் போய் மேலே அனுப்பினார். மூன்று நிமிடம் குடிகாரன் போல ஆடிவிட்டு இறங்கியது. இதற்கு அவர் காசு கேட்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

ஆவணியில் மறுபடி வந்தார். அந்தக் காலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முகப்பின் மேல்மாடிக்கு மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட சமதளம். நடு முற்றமுள்ள கட்டுக்கு வளவு என்று பெயர். அதைச் சுற்றி நாட்டு ஓடு, நாலு பக்கமும் முற்றத்தைப் பார்த்துச் சரிவு. பின்கட்டில் மட்டும் சீமை ஓடு. கழற்றிப் பார்த்தால் அடியில் மங்களூர் முத்திரை இருக்கும். 1865இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன்காரர்கள் அங்கே தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழிவந்த சரக்கு. சீமை ஓட்டுக்குப் பள்ளமும் விளிம்பும் உண்டு. ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். ஒன்று நகர்ந்தாலும் வரிசை கோணுவது படத்தில் பளிச்சென்று தெரிகிறது. நாட்டு ஓட்டில் வரிசையே கொஞ்சம் கோணல்தான். பாதிச் சிக்கல் அங்கேதான்.

ட்ரோன் முதலில் 25 மீட்டர் உயரத்தில் நின்று, உழுகிறவன் சால் போடுவதுபோல இப்படியும் அப்படியும் போய், ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்ததிலும் வருகிற மாதிரி நேர் கீழே பார்த்துச் சுட்டுத் தள்ளியது. அப்படி மேலுக்கு மேல் வந்தால்தான் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாகத் தருமாம். பிறகு ஏழெட்டு மீட்டர் உயரத்துக்கு இறங்கிச் சரிவு சரிவாக எடுத்தார். மூன்று பேட்டரி தீர்ந்தது. மொத்தம் 412 படம். நடுவில் ஒரு பருந்து வட்டம் போட ஆரம்பித்ததும் உடனே இறக்கிவிட்டார். நிதானமான பையன். காக்கைகள் பதினைந்து நிமிடம் கூட்டம் போட்டுத் திட்டிவிட்டுக் கலைந்தன.

அவர் வந்தது பதினோரு மணிக்கு. உச்சி வெயிலில் ஓடு எல்லாம் ஒரே சிவப்பு, நிழலே இல்லை. தூக்கிக்கொண்டிருக்கும் ஓடும் படிந்திருக்கும் ஓடும் ஒன்றுபோலவே தெரிந்தன. பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "வெயில் சாய்ந்து விழும்போது பார்க்கணும் ஆச்சி, அப்போதுதான் தூக்கலுக்கு நிழல் விழும்" என்றார். தம்பி காரைக்குடியில் தங்கி, மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு வந்து மறுபடி எடுத்தார். இரண்டு நாள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு வீடு என்று சொல்லலாம். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்.

படங்களை டிவியில் போட்டுப் பார்த்தோம். பெரியவர் தரையில் உட்கார்ந்து, வெகு நேரம் பேசாமல் இருந்தார். "நாற்பது வருடம் இதன் மேலேயே கிடந்திருக்கிறேன். முழுதாகப் பார்ப்பது இன்றைக்குத்தான்" என்றார். பிறகு எழுந்து டிவி பக்கத்தில் போய், விரலை வைத்து, எது எந்த வருடம் மாற்றிய ஓடு என்று சொல்ல ஆரம்பித்தார். புது ஓட்டின் நிறம் மேலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட சேலை மாதிரி தனியாகத் தெரிகிறது.

எங்களுக்குத் தெரியாமல் இருந்தவை இரண்டு. முகப்பு உச்சியில், கஜலட்சுமி சுதைக்குப் பின்பக்கம், ஒரு முழ உயரத்துக்கு அரசங்கன்று. தெருவில் நின்று பார்த்தால் யானையின் முதுகு மறைத்துவிடும். மாடியில் நின்றால் கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும். இன்னும் இரண்டு மழை கண்டிருந்தால் வேர் சுவரைப் பிளந்திருக்கும். இது ஒன்றுக்கே கொடுத்த பணம் சரியாகப் போய்விட்டது என்பது என் கணக்கு. இரண்டாவது, வேப்பமரத்தின் கிளை கிழக்குச் சரிவின் மேல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது. குரங்குகள் எங்கிருந்து குதிக்கின்றன, எங்கே வந்து விழுகின்றன என்பதை உடைந்த ஓடுகளே கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டன.

இனிக் குறைகள்.

முதலாவது, அறிக்கை. படம் 6,500, போக்குவரத்து 800. அதற்கு மேல் "சேத அறிக்கை" என்று 2,000. சாஃப்ட்வேர் தானாகவே விரிசல்களைக் கண்டுபிடித்துச் சிவப்புக் கட்டம் போடுமாம். 38 பக்கம் வந்தது, கட்டங்கள் 143. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியையிடம் எண்ணிக்கையைக் கொடுக்கக் கூடாது. இரண்டு மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 61 கட்டம் மயில் எச்சமும் காய்ந்த பாசியும். 38 கட்டம் நிழலும் வேப்பிலையும். உண்மையில் உடைந்தவை 44. அந்த 44இல் 29 குரங்கு குதிக்கும் பாதையில்.

அண்டாவுக்கு மேலே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அறிக்கையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. "அங்கே சேதம் இல்லை அம்மா" என்றார் தம்பி. பெரியவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஏணியில் நின்று கைமரத்தை அடியிலிருந்து பார்த்தார். மரத்தின் பக்கவாட்டில் கறை ஒரு கோடாக மேலேறிப் போயிருந்தது. தண்ணீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது ஓரிடம். நடுவில் கைமரத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து வந்திருக்கிறது. கறை முடிந்தது பன்னிரண்டு அடி தள்ளி, கூரையின் உச்சியான முகட்டில். "முகட்டைப் பக்கவாட்டில் காட்டச் சொல்லுங்கள்" என்றார். தம்பி ட்ரோனை முகட்டு மட்டத்துக்கு இறக்கிக் கேமராவைச் சாய்த்துக் காட்டினார். முகட்டை மூடும் மோட்டு ஓட்டுக்கு அடியில் பூசிய சுண்ணாம்பு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நேர் மேலே இருந்து எடுத்த எந்தப் படத்திலும் அது இல்லை. ஓடே அதை மூடியிருந்தது. 143 கட்டங்களில் ஏழு வருடத்து ஒழுகலுக்கு ஒரு கட்டம் கூட இல்லை.

ஆகவே அறிக்கை வாங்காதீர்கள். படத்தை மட்டும் வாங்குங்கள். சாய்வாக எடுத்த படமும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் 2,000 ரூபாயை உங்கள் ஊர் ஓட்டுக்காரருக்குக் கொடுத்து டிவி முன்னால் உட்கார வையுங்கள். மரம் உளுத்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்பதை ட்ரோன் சொல்லாது. அது உள்ளிருந்து பார்க்க வேண்டிய சங்கதி.

சூட்டு வித்தியாசத்தைக் காட்டும் வெப்பப் படம் என்று இன்னொரு 2,500. இதில் பாதி நியாயம். சமதளமான மாடியில், பகலெல்லாம் காய்ந்த தளம் பொழுது சாயும்போது குளிரத் தொடங்கும். நீர் கோத்த இடம் சூட்டை விடாமல் வைத்திருக்கும், திரையில் வெளுப்பாகத் தெரியும். வடிகால் வாய்க்குப் பக்கத்தில் அப்படி ஒரு திட்டு தெரிந்தது. தட்டிப் பார்த்தால் அங்கே உள்ளே காலியாக இருக்கிற மாதிரிச் சத்தம். ஓட்டுக் கூரையில் இதனால் ஒரு பயனும் இல்லை. காற்றோட்டத்தில் ஒவ்வொரு ஓடும் தன் போக்கில் காய்கிறது, படம் முழுக்கப் புள்ளிக் கோலம். முழுக்கவும் ஓட்டு வீடு என்றால் இந்தச் செலவு வேண்டாம்.

இரண்டாவது குறையில்தான் எனக்குக் கோபம் வந்தது. படங்களை இணையத்தில் ஏற்றி ஒரு இணைப்பு அனுப்பினார். கடவுச்சொல் இல்லை, யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். எங்கள் கூரையோடு பக்கத்து வீட்டு முற்றமும் அதில் இருக்கிறது. அங்கே ஓர் ஆச்சி தலைமுடியை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது வரை தெளிவாகத் தெரிந்தது. பறக்கவிடும் முன் இரண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லியிருந்தேன். பின் வீட்டுக்குச் சொல்ல மறந்தது என் தப்பு. ஆனால் மூடி வைக்க வேண்டியது அவர் வேலை. நான் சத்தம் போட்ட பிறகு இணைப்பை எடுத்துவிட்டு, அடுத்த வீடுகளை வெட்டிய படங்களைப் பென்டிரைவில் அனுப்பினார். பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்பதும், எந்த வீட்டுப் பின்கதவு திறந்து கிடக்கிறது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் ஓட்டுச் செலவு என்று கணக்கு அனுப்பினால், "போன வருடம்தானே மாற்றினீர்கள்?" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு கேள்வி வரும். இந்த முறை 44 ஓட்டின் படத்தையும் முகட்டுப் பிளவையும் அனுப்பினேன். மூன்று நாளில் நாலு புள்ளியின் பணமும் வந்துவிட்டது. மாற்று ஓடு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் விசாரித்து, இடித்த வீட்டுச் சரக்கில் எடுத்தோம். எத்தனை வேண்டும், எந்தச் சரிவுக்கு என்று முன்பே தெரிந்ததால் பெரியவரும் அவர் பேரனும் ஒரே நாளில் வேலையை முடித்தார்கள். ஏறி இறங்கியதில் உடைந்தது ஆறு.

ஐப்பசி மழை பெய்து முடிந்து இப்போது கார்த்திகை. அண்டா காய்ந்து கிடக்கிறது. ஆனால் வளவின் வடகிழக்கில், இரண்டு சரிவும் கூடுகிற கூடல்வாயில் புதிதாக ஒரு சொட்டு விழுகிறது. கூடல்வாய்த் தகரம் ஓட்டையாகியிருக்கும் என்கிறார் பெரியவர். படத்தில் அந்த மூலை முழுவதையும் வேப்பஞ்சருகு மூடியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்ததும் சருகை வாரிவிட்டு அந்த ஒரு மூலையை மட்டும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். தம்பி 1,500 கேட்கிறார். 1,000 என்று சொல்லியிருக்கிறேன்.