அம்மாவின் பார் சைக்கிளும் ஹை பீக் பாதையும்

இங்கிலாந்தின் டெர்பி நகருக்கு நாங்கள் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஹை பீக் டிரெயில் என்ற சரளைப் பாதையில் இதுவரை நாற்பது முறையாவது சைக்கிள் ஓட்டியிருப்பேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது கடந்த ஜூன் மாதம், என் அம்மாவை அங்கே அழைத்துப் போன பிறகுதான். அவருக்கு 66 வயது.

அம்மா புதுக்கோட்டை மாவட்டத்தில் அங்கன்வாடி ஊழியராக இருந்தவர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்த அம்மா, பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். கேரியரில் உட்கார்ந்து நான் பள்ளிக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து தஞ்சாவூர் சாலையில் ஒரு பஸ் உரசியதில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகு அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. இங்கே வந்ததும், சரளைப் பாதைக்கென்று செய்த என் கிராவல் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, “வண்டி வராத ரோடு எங்கேயாவது இருந்தால் சொல் தாயி, ஓட்டுகிறேன்” என்றார்.

அப்படி ஒரு பாதை ஒரு மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது. கிராம்ஃபோர்டு கால்வாய்க் கரையில் உள்ள ஹை பீக் ஜங்ஷனில் தொடங்கி, பக்ஸ்டன் அருகே டவ்லோ வரை ஏறக்குறைய 28 கிலோமீட்டர் நீளம். 1831இல் முழுவதுமாகத் திறக்கப்பட்ட கிராம்ஃபோர்டு–ஹை பீக் ரயில் பாதையின் தடம் இது. 1967இல் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடியும் சரளையும் பரப்பி, நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டுவிட்டார்கள்.

மலைநாட்டில் இருந்தும் இந்தப் பாதை முழங்காலைக் கொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இதை வகுத்த பொறியாளர் ஜோசையாஸ் ஜெஸ்ஸப் கால்வாய் வெட்டும் குடும்பத்தில் வந்தவர். இரண்டு கால்வாய்களை இணைக்கத்தான் இந்த ரயிலே போடப்பட்டது. கால்வாயில் படகு பல மைல் சமமாகப் போய், இருபுறமும் கதவு வைத்த அடைப்பு வந்ததும் ஒரே இடத்தில் மேலேறும் அல்லவா? ஜெஸ்ஸப் அதே முறையைத் தரையில் செய்தார். நீண்ட சமதளம், பிறகு நீராவி இயந்திரம் சங்கிலி கட்டி வண்டிகளை இழுத்த செங்குத்துச் சரிவு, மறுபடி சமதளம். இந்தப் பாதையில் சரக்கு ஏற்றி இறக்கிய இடங்களைக்கூடப் படகுத்துறை போலத் துறை என்றுதான் அழைத்தார்கள். ஆகவே கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் குன்றுகள் எழுந்து விழும் நிலத்தில், நாம் கிட்டத்தட்ட வரப்பின்மேல் போவது போலப் போகிறோம். சரிவுகளைத் தவிர்க்க நினைப்பவர்கள் பாதையின் வடபகுதியில் உள்ள பார்ஸ்லி ஹேயில் தொடங்கவேண்டும். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம்.

சைக்கிள் வாடகைதான் சரியாக அமையவில்லை. அம்மாவுக்காகக் குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளை இரண்டு வாரம் முன்னதாகவே நகரத்துக் கடை ஒன்றில் பதிவு செய்திருந்தேன். காலையில் போனால், கம்பி வைத்த மலைச் சைக்கிளை நீட்டினார்கள். டயரில் காற்று கல்லாக இருந்தது. பின் பிரேக்கை முழுக்கை பலத்தோடு அழுத்த வேண்டியிருந்தது. முதியவருக்கு என்று எழுதிக் கொடுத்த பதிவை யாரும் படிக்கவே இல்லை. எனக்குக் கோபம் வந்து பேசிக்கொண்டிருக்கையில், அம்மா காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். “நான் கற்றதே பார் சைக்கிளில்தானே, லேடீஸ் சைக்கிளுக்கு அன்றைக்கு எங்கே போவது?” என்றார். பிரேக் கம்பியை இறுக்கித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பார்ஸ்லி ஹேயிலிருந்து தெற்கே திரும்பிய சிறிது நேரத்தில் நியூஹேவன் சுரங்கம் வருகிறது. ஐம்பது மீட்டருக்கும் குறைவான நீளம். முகப்பில் ஜெஸ்ஸப்பின் பெயரும் 1825 என்ற ஆண்டும் செதுக்கிய கல் இருக்கிறது. இந்தச் சுரங்கத்தின் தலைக்கு மேலேதான் ஏ515 நெடுஞ்சாலை போகிறது. நாங்கள் காரில் வந்த சாலையும் அதுவே. உள்ளே அம்மா சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மேலே லாரி போகும் அதிர்வைக் கேட்டார். “எல்லாம் மேலே போகிறது” என்றார். அதுவரை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் அங்கேதான் தளர்ந்தன.

நாலு கிலோமீட்டரில் ஃப்ரைடன், செங்கல் தொழிற்சாலை இருக்கும் இடம். அதைத் தாண்டினால் கோத்தம் வளைவு. ஐம்பது மீட்டர் ஆரத்தில் ரயிலையே கிட்டத்தட்டச் செங்கோணத்துக்குத் திருப்பிய இடம் இது. பிரிட்டிஷ் ரயில் பாதைகளில் இவ்வளவு கூர்மையான வளைவு வேறெங்கும் இருந்ததில்லை என்பார்கள். சைக்கிளில் அது சுகமான வட்டம். எங்களோடு வந்த என் பன்னிரண்டு வயது மகள் மூன்று முறை திரும்பி வந்து அதே வளைவைச் சுற்றினாள், ஒவ்வொரு முறையும் “அம்மாச்சி, பாருங்கள்” என்று கூவிக்கொண்டு.

பிறகு மின்னிங்லோ கரை. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே, சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கி எழுப்பிய மேடு இது. பாதை அதன் முதுகில் போகிறது. ஒரு பக்கம் குன்றின் உச்சியில் பீச் மரக் கூட்டம், அதன் நடுவே புதிய கற்காலத்துப் புதைகுழி. மறுபக்கம் கல்வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். வானம்பாடியின் குரலும் டயருக்கடியில் சரளை நெரியும் ஓசையும்தான் காதில் விழுந்தன. புதுக்கோட்டையில் கல் உடைத்த பெண்களோடு சேர்ந்து சைக்கிள் கற்றவர் அல்லவா, அம்மா அந்தச் சுவரின் அடுக்கை வெகுநேரம் கையால் தடவிப் பார்த்தார். அங்கேயே எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் வந்திருந்தோம்.

இனிச் சரளையைப் பற்றி. காய்ந்த நாளில் இந்தப் பாதை கெட்டியாக இருக்கிறது. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர்கூடச் சமாளிக்கும், ஆனால் உடம்பு நொந்துபோகும். 40 மில்லிமீட்டர் அகலமும் குறைந்த காற்றும் வேண்டும் என்பது என் அனுபவம். அம்மாவின் டயரில் விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் அளவுக்குக் காற்றை இறக்கினேன். அதன்பிறகு அவர் மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் சுண்ணாம்புப் பொடி குழைந்து வெள்ளைச் சேறாகிச் சங்கிலியில் ஒட்டும். வீடு திரும்பியதும் கழுவிவிடுங்கள். காய்ந்துவிட்டால் சாந்து பூசியது போல இறுகிவிடும்.

திறந்த மேட்டுநிலம் என்பதால் எதிர்காற்று பலமாக அடிக்கும். திரும்பும்போது அம்மா இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஊர்ச்சாலைகள் குறுக்கிடும் சில இடங்களில் கதவைத் திறந்து, இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும். குதிரை வந்தால் தொலைவிலேயே குரல் கொடுத்து வேகத்தைக் குறையுங்கள்.

முழுப் பாதையையும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே மிடில்டன் டாப்பில் 1829ஆம் ஆண்டின் நீராவி இயந்திரக் கூடம் இன்றும் நிற்கிறது, பார்க்கவேண்டிய இடம். அதற்குக் கீழே வரும் இரண்டு சரிவுகளும் ஏறக்குறைய எட்டடிக்கு ஓரடி இறங்குபவை. 1888இல் கடைசிச் சரிவில் அறுத்துக்கொண்டு ஓடிய வண்டிகள், கீழே இருந்த கால்வாயையும் ரயில் பாதையையும் தாண்டிப் பறந்து விழுந்தன. பிரேக்கில் ஐயம் இருந்தால் இறங்கி நடந்துவிடுங்கள்.

பாதைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். வாடகைக் கடைக்கு ஒன்று.

செப்டம்பரில் ஊர் திரும்புவதற்குள் டிஸ்ஸிங்டன் பாதையிலும் ஓட்ட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அது ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர், மெதுவாக ஏறிக்கொண்டே வரும் பாதை. நாங்கள் பார்ஸ்லி ஹேயிலிருந்து கீழ்நோக்கி ஓட்டப்போகிறோம். காரை ஆஷ்போர்னில் கொண்டுவந்து நிறுத்த என் கணவர் ஒப்புக்கொண்டுவிட்டார். குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளையே பதிவு செய்யச் சொன்னார் அம்மா.