மூன்றாம் தரப்பு குக்கீயை அடைத்து ஐந்து வருடம்

2020 மார்கழியில் அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது. டாக்டர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு ராத்திரி முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்தேன். டயாலிசிஸ் எப்போது தேவைப்படும், எதைச் சாப்பிடலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று. அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அதே கம்ப்யூட்டரில் கோலம் பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தார். பக்கவாட்டில் டயாலிசிஸ் மையம் ஒன்றின் விளம்பரம். கீழே இறங்கினால் இன்னொன்று. "யாருக்குடா டயாலிசிஸ்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல நினைத்திருந்த செய்தி அது. குக்கீ என்பது இணையதளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு; நாம் திறக்கும் தளம் அல்லாமல் வேறு நிறுவனம் வைத்தால் அது மூன்றாம் தரப்பு குக்கீ. அன்று ராத்திரியே பிரவுசரில் மூன்றாம் தரப்பு குக்கீகளை அடைத்தேன். இன்றுவரை அடைத்தேதான் வைத்திருக்கிறேன்.

குக்கீ என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கியது, வந்துபோகும் ஆளை இணையதளம் மறக்காமல் இருப்பதற்காக. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் கூடையிலேயே இருக்க வேண்டும் அல்லவா? ஜவுளிக்கடை வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். அந்த டோக்கன் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். நாம் திறக்கும் தளமே வைக்கும் குக்கீ இந்த வகை.

மூன்றாம் தரப்பு குக்கீயில் நடப்பது வேறு. தெருவில் இருக்கிற கடை ஒவ்வொன்றிலும் ஒரே கம்பெனியின் ஆள் நிற்கிறார். நீங்கள் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் உங்கள் டோக்கன் எண்ணைப் பார்த்து, ஒரே நோட்டில் எழுதிக்கொள்கிறார். நான் படித்த மருத்துவக் கட்டுரையிலும் அம்மா பார்த்த கோலப் பக்கத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஒட்டியிருந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஆள் மாறியது அந்த நோட்டுக்குத் தெரியாது.

அடைப்பது ஒரு நிமிட வேலை. க்ரோமில் செட்டிங்ஸ், ப்ரைவசி அண்டு செக்யூரிட்டி, தேர்டு பார்ட்டி குக்கீஸ். அங்கே பிளாக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லாக் குக்கீகளையும் அடைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் எந்தத் தளத்திலும் லாகின் நிற்காது. பழைய குக்கீகளை ஒருமுறை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. அழித்தால் எல்லா லாகினும் போகும், பாஸ்வேர்டுகளை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதம் சிரமம் இருந்தது, மறைக்கவில்லை. மகளின் ஆன்லைன் வகுப்புத் தளத்தில் பாடத்துக்கு நடுவே வேறொரு நிறுவனத்தின் வினாத்தாள் பெட்டி வரும். அது லாகின் செய்யச் சொல்லும், செய்தால் மறுபடி லாகின் செய்யச் சொல்லும். ஒரு காப்பீட்டுத் தவணை கட்டும்போது ஓடிபி வர வேண்டிய கட்டம் வெள்ளையாகவே நின்று, நேரம் முடிந்துவிட்டது என்றது. கடைசி நாள் வேறு. இந்த மாதிரி சமயத்தில்தான் பலர் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள். நான் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன், பக்கத்தைப் புதுப்பித்தேன், பணம் கட்டி முடிந்தது. ஒரு கதவு இறுகிக்கொண்டது என்பதற்காக வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

வருடம் போகப் போக இந்தத் தொல்லை தானாகவே குறைந்தது. காரணம் இருக்கிறது. ஐபோனில் வரும் ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்பு குக்கீகளை மொத்தமாக அடைத்துவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்களை இழக்க எந்தத் தளத்துக்கும் மனம் வராது. அதனால் தளம் கட்டுகிறவர்கள் அந்தக் குக்கீ இல்லாமலும் ஓடும்படி மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதன் பலன் எனக்கும் கிடைத்தது. இன்று என் விலக்குப் பட்டியலில் மூன்றே தளங்கள்.

விலக்குக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம். க்ரோமில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் கண் போல ஒரு சின்னம் வரும். அதைத் தொட்டு அனுமதித்தால் அது தற்காலிகம்தான், 90 நாளில் காலாவதியாகும். இது தெரியாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அலுவலகத் தளம் திடீரென்று நின்றபோது அரை நாள் நெட்வொர்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தினமும் வேண்டிய தளம் என்றால் செட்டிங்ஸுக்குள் போய் அனுமதிப் பட்டியலில் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள்.

என் சொந்த வேலைக்கு ஃபயர்பாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசர். ஆரம்பத்தில் அதிலும் எல்லா மூன்றாம் தரப்பு குக்கீகளையும் அடைத்திருந்தேன். 2022 ஜூனில் அவர்கள் கொண்டுவந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவே பிடித்தது. அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒவ்வொரு தளத்துக்கும் தனி அறை. செய்தித் தளத்தில் விளம்பர நிறுவனம் வைக்கும் குக்கீ அந்த அறையிலேயே கிடக்கும், கடைத் தளத்து அறையில் இருப்பதோடு கலக்காது. தளங்களும் உடைவதில்லை, நோட்டும் ஒன்றாகச் சேர்வதில்லை. இது இயல்பாகவே இயங்குகிறது, நாம் எதையும் தொட வேண்டாம். யாராவது "எனக்கு செட்டிங்ஸ் எல்லாம் வேண்டாம்பா" என்றால் நான் சொல்வது ஃபயர்பாக்ஸ்தான்.

க்ரோம் வைத்திருப்பவர்கள் மட்டும் சும்மா இருந்துவிடாதீர்கள். இரண்டு வருடத்தில் இந்தக் குக்கீகளை ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு 2023 என்றார்கள், பிறகு 2024. 2024 ஜனவரியில் நூற்றில் ஒருவருக்குச் சோதனையாக அடைத்தும் பார்த்தார்கள். 2024 ஜூலையில் ஒழிக்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். அடைக்கலாமா என்று உங்களிடம் தனியாகக் கேட்கவும் போவதில்லை என்று 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டார்கள். க்ரோமின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவில் இயல்பாகவே அடைபட்டிருக்கும். சாதாரண ஜன்னலில் நீங்களாக அடைத்தால்தான் உண்டு. பழைய செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு "அதான் எடுத்துட்டாங்களே" என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

இதனால் தீராதவையும் இருக்கின்றன. லாகின் செய்துவிட்டு ஒரு தளத்துக்குள் நீங்கள் தேடுவது அந்தத் தளத்துக்குத் தெரியும். திரை அளவு, எழுத்துருக்கள் போன்ற அடையாளங்களைக் கோத்துக் கம்ப்யூட்டரை இனம்காணும் வழியும் உண்டு, அதற்கு குக்கீயே தேவையில்லை. போன் ஆப்கள் கதையும் வேறு. அவை நம்புவது விளம்பர ஐடியை, அதாவது விளம்பரத்துக்காக போனுக்கு இருக்கும் அடையாள எண்ணை. பிரவுசரை அடைத்த பிறகும் அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில், ஆப்களுக்குள் அதே மாதிரி விளம்பரங்கள் தலைகாட்டின. போன் செட்டிங்ஸில் ஆட்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஐடியை அழித்தேன்.

விளம்பரமே வராது என்றும் எதிர்பார்க்காதீர்கள், வரும். ஆனால் அம்மா சமையல் பக்கம் திறந்தால் இப்போது பெரும்பாலும் மிக்ஸியும் நல்லெண்ணெயும்தான் வருகின்றன. அந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான விளம்பரங்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக, போன மாதம் கண்ணில் பட்ட ஒன்று. க்ரோமில் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் இதைத் தனித்தனியாக அடைக்க வேண்டும். அதே கம்ப்யூட்டரில் தங்கச்சியின் ப்ரொஃபைல் இத்தனை வருடமும் திறந்தே இருந்திருக்கிறது. அவள் பொங்கலுக்கு வருகிறாள், பக்கத்தில் உட்கார வைத்து அவள் கையாலேயே மாற்றச் சொல்ல வேண்டும்.